மலை, மதிற்சுவர் அல்ல

மாவட்டத்துக்கு ஒரு பொதுத் துப்பாக்கி சுடுதளம் வேண்டும் என்று கட்டுரை எழுதி வாதாடும் அன்பர், அதற்கான இடத்தையும் அவரே காட்டிவிட்டார்: ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், புறம்போக்கில். எந்தத் திசையில் சுடுவார்கள், எந்த வகைத் துப்பாக்கியால் சுடுவார்கள், குறிப்பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூட எழுப்பாமல் இடத்தை முடிவுசெய்கிற இந்தத் துணிச்சலை அறிவு என்று ஏற்க வாசகர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

"மலையே இயற்கை கட்டித்தந்த தடுப்புச் சுவர்" என்கிறார். புதுக்கோட்டைக்காரர்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல அவருக்கு நா எழுமா? நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டிச் சுடுதளமும் மலையை ஒட்டித்தான் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவன் இறந்துபோனான். அன்று அங்கே பயிற்சியில் இருந்தவர்கள் சீருடை அணிந்த படையினர். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை வந்து முதல்முறையாகத் துப்பாக்கியைத் தொடுகிறவனின் கை நடுக்கத்துக்கு எந்த மலை பொறுப்பேற்கும்? கருங்கல்லில் சாய்வாகப் பட்ட குண்டு தெறித்து எங்கோ போகும். குண்டை விழுங்குவது மண். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குறிப்பலகைக்குப் பின்னால் கல் பொறுக்கிய மண்ணைக் கொட்டி மேடு எழுப்புகிறார்கள், தலைக்கு மேலே தடுப்புகள் கட்டுகிறார்கள். போட்டிகளில் சுடும் சின்னஞ்சிறு பாயிண்ட் 22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் போகும். இந்த அரிச்சுவடியைப் படிக்காதவர் இடத்தேர்வு பற்றி எழுதப் புறப்பட்டதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

அடுத்து, சுடுதளம் "முழுக்கப் பாதுகாப்பானது" என்று ஒரு பத்தியில் சத்தியம் செய்கிறவர், மறுபத்தியிலேயே அதைக் "குடியிருப்புகளிலிருந்து வெகு தொலைவில்" வைக்கச் சொல்கிறார். பாதுகாப்பானது என்றால் தொலைவு எதற்கு? ஆபத்து உண்டென்றால், அந்தத் தொலைவில் குடியிருப்பவர்கள் யார்? அவருடைய அகராதியில் குடியிருப்பு என்றால் தார்ச்சாலையும் கேட்டும் வைத்த நகர். ஓட்டு வீடும் ஆட்டுப்பட்டியும் அதில் சேர்த்தி இல்லை.

புறம்போக்கு என்ற சொல்லிலும் இதே பார்வைக் கோளாறுதான். வருவாய்த் துறைப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் இல்லாத நிலத்தை ஆளில்லாத நிலம் என்று படிக்கிறார். மேய்ச்சல் புறம்போக்கில் ஆடு மேய்க்கிறவர், கண்மாய்க்கு ஒற்றையடிப் பாதையில் போகிறவர், சுள்ளி பொறுக்குகிறவர் என எவர் பெயரும் சிட்டாவில் ஏறுவதில்லை. இதேபோல்தான் காஷ்மீரில் தோசா மைதான் புல்வெளியை 1964 முதல் 2014 வரை இராணுவம் பீரங்கிப் பயிற்சிக்கு வைத்திருந்தது. அது மேய்ச்சல்காரர்களின் நிலம், வெடிக்காமல் கிடந்த குண்டுகளுக்குப் பலியானவர்களும் அவர்கள்தாம். பீரங்கியும் ரைபிளும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த கண் ஒன்றுதான்: எதிர்த்துப் பேச வலுவில்லாதவன் இருக்கிற இடம் எது என்று பார்க்கிற கண்.

இனிப் பதக்கக் கதை. பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போன புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமானை முன்னிறுத்துகிறார். அவரை நினைத்துப் பெருமைப்படுவதில் நான் யாருக்கும் பின்தங்கியவன் இல்லை. ஆனால் அதே பாரிஸில் இந்தியா துப்பாக்கி சுடுதலில் வென்ற 3 பதக்கங்களில் 2 பதக்கங்கள், 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. மொத்தம் 15 போட்டிகளில் 6 போட்டிகள் 10 மீட்டர் தூரத்துக்குள், நாலரை மில்லிமீட்டர் குண்டோடு, கூரைக்குக் கீழே முடிந்துவிடுகிறவை. அதற்கு மலை எதற்கு? புறம்போக்கு எதற்கு? ஊர் நடுவில், பேருந்து நிற்கிற இடத்தில், ஏழை வீட்டுப் பிள்ளை நடந்து வந்து சேரக்கூடிய ஒரு கூடம் போதும். திறந்தவெளி கட்டாயம் தேவைப்படுவது டிராப், ஸ்கீட் பிரிவுகளுக்குத்தான். அங்கே ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை. 125 தட்டுகளுக்கு ஒரே ஒரு தோட்டா வீதம் சுட்டாலும் ஒரு போட்டியாளர் 3 கிலோ ஈயத்தைத் தரையில் இறைக்கிறார். அது மண்ணில் மக்காது. மழை பெய்தால் ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறது? கூழாங்கல் என்று ரவையைக் கொத்தி விழுங்கும் நீர்ப்பறவைக்கு என்ன ஆகும்? அவர் கட்டுரையில் ஈயம் என்ற சொல்லே கிடையாது.

ஆகப் பெரும்பாலான பிள்ளைகள் பழகத் தொடங்க வேண்டியது ஏர் ரைபிள் கூடத்தில் என்றிருக்க, ஏக்கர் கணக்கில் மலையடிவாரம் கேட்பது எதற்கு? பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, உரிமம் பெற்ற துப்பாக்கியைப் பெட்டியில் வைத்திருக்கும் சிலருக்கு விடுமுறை மைதானம் கேட்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். 'பொது' என்ற சொல் அதற்குப் போர்த்திய சால்வை. அந்தத் தளத்தில் மேய்ச்சல்காரர் மகன் சுடப்போவதில்லை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நிற்கப்போகிறான்.

மறுத்து எழுதுவதென்றால் எழுதட்டும். அதற்கு முன் அவர் சொல்லும் இடத்தின் வரைபடத்தை எடுத்து, குறிப்பலகையிலிருந்து சுடும் திசையில் 3 கிலோமீட்டருக்கு விசிறிபோல் ஒரு கோடு போட்டு, அதற்குள் விழும் வீடு, பள்ளிக்கூடம், கண்மாய், ஆட்டுப்பட்டி அத்தனையையும் நடந்துபோய் எண்ணிக்கொண்டு வரட்டும். அந்த எண்ணிக்கை அவர் கட்டுரையின் முதல் வரியில் இருக்க வேண்டும்.