சேலைக் காப்பைக் கழற்றாதீர்கள்!

மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே அழகு செய்து பார்ப்பது இன்று இளைஞர்களுக்குப் பெரிய ஆசை. இந்த ஆசைக்குப் பட்டணம், கிராமம் என்ற பேதம் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீமிசல் போன்ற ஊர்களுக்கும் இது பொருந்தும்.

ஆசை தவறு அல்ல. பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டி. அதைத் தன் கையாலேயே துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளக்கச் செய்வதில் தனி இன்பம் உண்டு. ஆனால் எதைச் சேர்க்கலாம், எதைக் கழற்றக்கூடாது என்பது தெரிய வேண்டும். தெரியாமல் கை வைத்தால் அழகே ஆபத்து ஆகிவிடும்!

'குரூசர்' வண்டி

தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, காலை முன்னால் நீட்டி வைக்க வசதி. இப்படி அமைந்த வண்டிக்கு 'குரூசர்' என்று பெயர். நெடுந்தூரம் அலுப்பு இல்லாமல் போகலாம்.

இது அமெரிக்காவில் வளர்ந்த பாணி. இரண்டாவது உலகப்போர் முடிந்த பிறகு, அங்கே பல இளைஞர்கள் தங்கள் வண்டியின் மட்கார்டை வெட்டினார்கள். கனமான பாகங்களைக் கழற்றி எறிந்தார்கள். வண்டி வேகமாக ஓட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

நம் நாட்டில் இந்த ஆசைக்கு அடித்தளம் போட்டது 'புல்லட்'. 1955-ம் ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் கூட்டுச் சேர்ந்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ராணுவமும் அந்த வண்டியை வாங்கியது. பிறந்த நாட்டில் அதன் தயாரிப்பு நின்ற பிறகும், நம் தமிழ்நாட்டில் நிற்கவில்லை! குரூசர் பாணியில் 2002-ல் 'தண்டர்பேர்டு', 2020-ல் 'மீட்டியோர்' என்ற வண்டிகளும் இங்கிருந்தே வந்தன.

பின்னால் இருப்பது யார்?

அமெரிக்காவில் வண்டியை வெட்டியவர்களில் பலர் தனி ஆளாக ஓட்டியவர்கள். நம் ஊரில் அப்படியா? ஒரே வண்டிதான் குடும்பத்துக்கு எல்லாம். கல்யாணத்துக்கும் அதுதான். ஆஸ்பத்திரிக்கும் அதுதான். பின்னால் தாயோ, மனைவியோ, தங்கையோ உட்கார்ந்து இருக்கிறார்கள்.

வண்டியை மாற்றும் இளைஞர் முதலில் கழற்றுவது எதை? 'சாரி கார்டு' என்று கடையில் சொல்லும் சேலைக் காப்பை! "பார்க்க நன்றாக இல்லை" என்பது அவர் சொல்லும் காரணம்.

காற்றில் பறக்கும் சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் துணியைச் சக்கரம் சுருட்டி இழுக்கும். உட்கார்ந்து இருப்பவர் சாலையில் விழுவார். துப்பட்டா என்றால் கழுத்தையே இறுக்கிவிடும்.

இதை எண்ணித்தான் 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் மூன்று பொருட்களைக் கட்டாயம் ஆக்கின. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. கால் வைக்கப் படி. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. இந்த மூன்றும் அலங்காரம் அல்ல, உயிர்க்காப்பு!

சத்தம் பெருமையா?

அடுத்துக் கை வைப்பது சைலன்சரில். 'பட பட' என்று தெருவே அதிர வேண்டுமாம்! தொட்டிலில் தூங்கும் குழந்தை அலறி எழுகிறது. நெஞ்சு நோய் உள்ள முதியவர் திடுக்கிடுகிறார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் ஓடவில்லை. ஒருவருடைய பெருமைக்கு ஊரே விலை கொடுக்க வேண்டுமா?

சட்டமும் இதைப் பொறுப்பது இல்லை. தயாரிப்பாளர் அமைத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சைலன்சரை வாங்கியதும் பணம். அபராதம் கட்டுவதும் பணம். இரண்டும் குடும்பத்தின் பணம் அல்லவா?

அப்படியானால் அழகே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். நல்ல இருக்கை உறை போடலாம். சக்கரத்தில் படாதபடி பை மாட்டலாம். வண்டியின் நிறத்தையே மாற்றினால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும்.

கடற்காற்றும் துருவும்

மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் வண்டிக்கு உண்மையான எதிரி உப்புக்காற்று. புதுக் கம்பியையும் அது அரித்துவிடும். அங்கே பராமரிப்புதான் முதல் அலங்காரம்.

வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். என்ஜின் ஆறிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் துரு விரைவில் ஏறும்.

செயினைச் சுத்தம் செய்து, அதற்கு உரிய எண்ணெய் போட வேண்டும். பிரேக்கிலும் டயரிலும் எண்ணெய் படவே கூடாது. படிந்தால் பிரேக் பிடிக்காது. பெட்ரோலால் கழுவுவது தீயை அழைப்பது போல!

இன்னும் ஒன்று. என்ஜினை ஓடவிட்டு, சுற்றும் செயினில் துணி வைத்துத் துடைக்கக்கூடாது. துணியோடு விரலும் உள்ளே போய்விடும். என்ஜினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியே துடைக்க வேண்டும். அருகில் குழந்தைகளை விடக்கூடாது. மூடிய அறையில் என்ஜினை ஓடவிட்டால் புகையே நஞ்சு. வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டக்கூடாது. பிரேக், விளக்கு வேலைகளை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

வீட்டார் கேட்க வேண்டும்

வண்டியில் ஏறும் முன் தாய்மார்கள் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். சேலைக் காப்பு இருக்கிறதா? கால் படி இருக்கிறதா? கைப்பிடி இருக்கிறதா? இல்லை என்றால், "மாட்டிக்கொண்டு வா, பிறகு ஏறுகிறேன்" என்று சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டும் சொந்தம் அல்ல. பின்னால் நம்பி உட்காருகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. அவரைப் பத்திரமாக வீடு சேர்க்கும் வண்டியே அழகான வண்டி!