பீங்கான் முதலாளிகள் கேட்ட சட்டம்

1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த 26 பீங்கான் நிறுவனங்கள் அரசிடம் ஒரு மனு கொடுத்தன. பெயர்பெற்ற வெட்ஜ்வுட் நிறுவனமும் அவற்றில் ஒன்று. சிறுவர்களின் வேலைநேரத்துக்குச் சட்டம் வரம்பு கட்ட வேண்டும் என்பது கோரிக்கை. அவ்வளவு அக்கறை இருந்தால் தாங்களே குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். போட்டி அதற்கு இடம் தராது என்பதே மனுவின் வாதம். ஒருவர் நேரத்தைக் குறைத்தால், குறைக்காத பக்கத்துச் சூளைக்காரரின் சரக்கு மலிவாகச் சந்தைக்கு வந்துவிடும். 1864இல் தொழிற்சாலைச் சட்டம் பீங்கான் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது.

‘மூலதனம்’ முதல் தொகுதியில் (1867) மார்க்ஸ் இதை ஓர் அடிக்குறிப்பில் வைத்தார். அங்கேயே விட்டுவிடக்கூடிய செய்தி அல்ல அது. தொழிலாளர் உடல் தேய்ந்து இளம் வயதிலேயே மடிந்தால் நட்டம் முதலாளி வர்க்கம் முழுமைக்கும்தான். ஆனால் அவர்களைக் கசக்கிப் பிழிவதில் கிடைக்கும் லாபமோ தனி முதலாளிக்கு. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பொருட்டே இல்லை.

மார்க்ஸ் இறந்தபின் ஏங்கெல்ஸ் பதிப்பித்த மூன்றாம் தொகுதி (1894) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. லாபம் கூடுதலாக உள்ள துறையை நோக்கி மூலதனம் ஓடுவதால் துறைகளுக்கிடையே லாபவிகிதம் சமனாகிறது. ஆக, மொத்த உபரி மதிப்பிலிருந்து (கூலிக்கு மேல் தொழிலாளர் உழைப்பு உருவாக்கும் மதிப்பிலிருந்து) ஒவ்வொரு முதலாளிக்கும் அவரவர் போட்ட மூலதனத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கு கிடைக்கிறது. தொழிலாளருக்கு எதிராக அவர்கள் ஒன்றுசேர்வதற்கு அடிப்படை இதுவே. நல்ல காலத்தில் இது கூட்டாளிகளின் உறவுபோல நடக்கும். நட்டத்தைப் பங்குபோடும் வேளை வந்தால் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

கூலி உயராமல் பார்த்துக்கொள்வதில் முதலாளிகளிடையே சத்தமில்லாத உடன்பாடு உண்டு என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதியிருந்தார். ஆனால் உடன்பாடு தானாக நிலைத்துவிடாது. பொதுநலனுக்கு உழைக்காதவருக்கும் அதன் பலன் கிடைக்கும் என்றால், பெரிய குழுக்களில் யாரும் உழைக்க முன்வருவதில்லை என்றார் பொருளியலாளர் மான்கர் ஓல்சன் (1965). வர்க்கம் தன் நலனுக்காகத் திரளும் என்ற மார்க்ஸின் கருத்தையும் அவர் இதைக்கொண்டு மறுத்தார். பீங்கான் முதலாளிகளின் மனு இருவருக்குமே சாட்சி சொல்கிறது என்பதுதான் வேடிக்கை.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், கட்டுப்படாத போட்டியாளரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. 1870களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலை முதலாளிகள் இந்திய ஆலைகளுக்கும் தொழிற்சாலைச் சட்டம் வேண்டும் என்று நெருக்கினார்கள். பம்பாய் ஆலை முதலாளிகள் எதிர்த்தார்கள். 1881இல் வந்த இந்தியச் சட்டம் 7 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு மட்டும் நாளொன்றுக்கு 9 மணிநேரம் என்று வரம்பிட்டது. பெரியவர்களின் வேலைநேரத்தை அது தொடவில்லை.