ஃப்ரீவேர் வேறு, ஃப்ரீ சாஃப்ட்வேர் வேறு!

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மாமா, முட்டை, தீவனக் கணக்குகளை இலவசமாக டவுன்லோடு செய்த ஒரு சாஃப்ட்வேரில்தான் போட்டு வந்தார். புது கம்ப்யூட்டர் வாங்கியதும் அது இயங்கவில்லை. தயாரித்தவர்களின் இணையதளமும் மூடப்பட்டுவிட்டது. ஃபைலை வேறு எந்த சாஃப்ட்வேரிலும் திறக்க முடியவில்லை. வங்கிக் கடனுக்காக நான்கு வருடக் கணக்கைப் பழைய ரசீதுகளைப் பார்த்து மறுபடி எழுதினோம்.

"ஃப்ரீ சாஃப்ட்வேர்னுதானே மாப்ளே நீ சொன்னே?" என்றார். தவறு என்னுடையதுதான். அது வெறும் ஃப்ரீவேர்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஃப்ரீவேர் என்றால் காசு இல்லை, அவ்வளவுதான். சோர்ஸ் கோடு தயாரித்தவரிடமே இருக்கும். ஃப்ரீ சாஃப்ட்வேரில் உள்ள 'ஃப்ரீ' சுதந்திரத்தைக் குறிக்கிறது. எதற்கும் பயன்படுத்தலாம், கோடைப் படித்து மாற்றலாம், நகல் கொடுக்கலாம், மாற்றியதையும் வெளியிடலாம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தது இந்தச் சுதந்திரத்துக்காகத்தான். இதை விலைக்கு விற்கவும் தடையில்லை!

பக்கத்துத் தோட்டக்காரர் தன் கிணற்றில் சும்மா தண்ணீர் எடுக்க விடுவது ஃப்ரீவேர். அவர் கதவைப் பூட்டினால் நாம் ஒன்றும் கேட்க முடியாது. ஊர்க் கிணறு அப்படியல்ல. தூர் வாரவும் ஆழப்படுத்தவும் நமக்கு உரிமை உண்டு.

இலவசமாகப் பேசப் பயன்பட்ட ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் நிறுத்தியது. பயன்படுத்தியவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஆனால் ஓப்பன் ஆஃபீஸ் 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபோது, அதை உருவாக்கியவர்களில் பலர் அதே கோடை எடுத்து லிப்ரே ஆஃபீஸ் என்று தொடர்ந்தார்கள். அது இன்றும் வளர்கிறது.

ஃப்ரீவேரே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேம்ஸுக்கு அது போதும். ஃப்ரீ சாஃப்ட்வேரையும் பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் அது தேங்கித்தான் போகும். ஆனால் வேறொருவர் எடுத்து நடத்த வழியாவது இருக்கும்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. ஒன்று 'இலவச மென்பொருள்', மற்றது 'கட்டற்ற மென்பொருள்'. நாம் ஏன் இவற்றைச் சொல்லிப் பழகக் கூடாது?

மாமாவின் கணக்கு இப்போது லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கு எதில் இருக்கிறது? இன்றே லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.