எண்ணூரின் கரிய கூம்புகள்
வடசென்னையின் எண்ணூரில் கன்வேயரிலிருந்து ஓரிடத்தில் கொட்டப்படும் நிலக்கரி தானாகவே கூம்பாக எழுகிறது. துகள்கள் உருண்டு விழாமல் தங்கக்கூடிய உச்சச் சாய்வே அதன் சரிவைத் தீர்மானிப்பதால், குவியல் எவ்வளவு வளர்ந்தாலும் சாய்வு ஏறத்தாழ மாறுவதில்லை. பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் வடிவம் குலையாத இப்பண்பையே உயர்கணிதம் கூம்பின் இலக்கணமாக்கியது: ஒரு கணத்திலுள்ள எந்தப் புள்ளியை எந்த மிகை எண்ணால் பெருக்கினாலும் அது அக்கணத்துக்குள்ளேயே நிற்குமானால், வட்ட அடிப்பரப்பு இல்லாவிடினும் அது கூம்புதான். இயற்பியலின் ஒளிக்கூம்பு, அதாவது ஒரு நிகழ்விலிருந்து ஒளி சென்றடையும் கால–வெளிப் புள்ளிகளின் தொகுப்பு, இந்த இலக்கணத்துக்கு உட்படுகிறது. நிறம் உணரும் விழித்திரைக் கூம்பு செல்களோ உருவ ஒற்றுமையால் மட்டுமே பெயர் பெற்றவை. நிலக்கரிக் குவியலின் உயரம் இரட்டித்தால் கன அளவு 8 மடங்காகிறது, தூசி கிளம்பும் மேற்பரப்போ 4 மடங்கே. ஆதலால் ஒரே அளவு நிலக்கரிக்குப் பல சிறு குவியல்கள் கூடுதல் பரப்பைக் காற்றுக்குத் திறந்துவைக்கின்றன (உயரத்தில் காற்று வலுப்பதைத் தனியே கணக்கிட வேண்டும்). இத்தூசியின் காரணமாகவே சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை உயர்நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியபின், துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தை விட்ட தூசிச் சுமை எண்ணூரை அடைந்தது. ஐஸ்கிரீம் கூம்பின் கன அளவு கேட்கும் வடசென்னைப் பள்ளி வினாத்தாள்கள், இக்குவியல்களின் மேற்பரப்பையும் கேட்க வேண்டும்.