பெண் கடலும் பொங்கும்

கடலிலும் ஆண், பெண் உண்டு, தெரியுமோ? இராமநாதபுரம் சீமையில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பாக் நீரிணை பெண் கடல்.

திருப்பாலைக்குடி இருப்பது பெண் கடலின் கரையில். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றில் ஆண் கடல் குமுறும். இங்கோ அலை சாது. ஐப்பசியில் காற்று வடகிழக்குக்குத் திரும்பியதும் எல்லாம் தலைகீழ்! ஆழம் குறைவுதானே என்று எண்ணாதீர்கள். புயல் தள்ளும் தண்ணீர், ஆழமில்லாத கடலில்தான் அதிகமாகக் கரையேறும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தது கடல் பொங்கித்தான்.

கார்த்திகை, மார்கழியில் பக்கத்துத் தேவிபட்டினத்துக்கு நவபாஷாண தரிசனம் செய்யக் குழந்தைகளுடன் புறப்படும் சகோதரிகளே! புளியோதரை கட்டுமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நவக்கிரகங்கள் கோபித்துக்கொள்ள மாட்டா!