என் வாசல்படியில் முடிந்த கோடுகள்

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன், "இதைக் கட்டிக்கிட்டு ஓடுங்கப்பா" என்று ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அறுபத்தெட்டு வயதில் நான் ஓடுவது பாதி ஓட்டம், பாதி நடை. திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்த் திரும்புவேன். தினமும் அந்தத் தடத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுவேன். நாலு பேர் கை தட்டுவார்கள். அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

சென்ற வாரம் மகள் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். கடிகாரம் சேர்த்து வைத்த ஜிபிஎக்ஸ் கோப்புகளை மொத்தமாக இழுத்து அதில் போட்டாள். ஜிபிஎக்ஸ் என்றால் பயப்பட வேண்டாம். நோட்பேடிலேயே திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புதான். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் எல்லாம் வரிவரியாக இருக்கும். பிரவுசர் அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டுவிடுகிறது.

பத்து மாத ஓட்டமும் ஒரே வரைபடத்தில்! அடிக்கடி போன தெரு தடித்துத் தெரிந்தது. எங்கள் பகுதியில் எனக்குத் தெரியாத தெருவே இல்லை என்று பீற்றிக்கொள்வேன். வரைபடமோ, நான் செக்குமாடு மாதிரி மூன்றே தெருக்களில் சுற்றியதைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் எறும்புகள் புற்றுக்குத் திரும்புவதுபோல எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் கூடின. அது என் வீட்டு வாசல். பக்கத்தில் நின்ற என் மனைவி கேட்டாள்: "காலையில அஞ்சேகால்லேர்ந்து ஆறரை வரைக்கும் நான் தனியா இருக்கேன்னு இத்தனை நாளா ஊருக்கே சொல்லிட்டிருந்தீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

இது கற்பனைப் பயம் அல்ல. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் உலகெங்கும் உள்ள தன் பயனர்கள் ஓடிய தடங்களைத் தொகுத்து ஒரு வரைபடம் வெளியிட்டது. அதில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதில் ராணுவ முகாம்கள் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற இடங்களில் சிப்பாய்கள் ஓடிய தடங்களே முகாம்களின் உருவத்தை வரைந்து காட்டிவிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப்பகுதிகளில் இப்படி இடம் காட்டும் கருவிகளைப் பயன்படுத்தத் தடை போட்டது. முகாமுக்கே அந்தக் கதி என்றால் நம் வீடு எம்மாத்திரம்?

அதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. நம் தடத்தை நாம் பார்க்கத்தான் வேண்டும்; அதில் நம்மைப் பற்றி நமக்கே தெரியாத சங்கதிகள் இருக்கின்றன. ஆனால் அதை நம் வீட்டுக் கணினியிலேயே பார்ப்போம். மகள் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தாள். பக்கம் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கோப்பைப் போடுங்கள். பின்னணியில் தெருக்கள் வராமல் போகலாம். கோடு மட்டும் வந்தால், வரைகிற வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம். செயலியில் பகிர்ந்தே ஆக வேண்டும் என்பவர்கள், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி இருந்தால் அதை முதலில் போட்டுவிடுங்கள்.

இப்போது நான் குழுவில் "இன்று ஐந்து கிலோமீட்டர்" என்று மட்டும் எழுதுகிறேன், அதுவும் வீடு திரும்பிக் காபி குடித்த பிறகு. கைதட்டல் ஒன்றும் குறையவில்லை.