அப்பாவின் மசேநி பணம் யாருக்கு? மரணத்துக்குப் பின் வரும் 'பேப்பர்' வேலைகள்

சிராங்கூன் சாலையில் மாலையும் பூவும் வாங்கியாச்சு. மண்டாய் தகனச் சாலையில் நேரமும் குறிச்சாச்சு. பதினாறாம் நாள் காரியத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "பேப்பர் வேலையெல்லாம் நீ பாத்துக்கோ" என்று உங்கள் பக்கம் கை நீளும். வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை நீங்கள்தானே!

எதிலிருந்து ஆரம்பிப்பது?

மரணத்தைப் பதிவு செய்ய அலைய வேண்டாம். 2022 மே 29 முதல், மருத்துவர் இணையத்தில் மரணத்தை உறுதிசெய்ததுமே அது தானாகப் பதிவாகிறது. அச்சிட்ட சான்றிதழ் இப்போது கிடையாது. 'மை லெகஸி' இணையத்தளத்தில் மின்னிலக்கச் சான்றிதழைப் பதிவிறக்கம் செய்ய வேண்டும். அவகாசம் 30 நாள். பதினாறாம் நாள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் பாதி நாள் போய்விடும். தவறவிட்டால் கட்டணம் செலுத்தித்தான் பெற வேண்டும்.

வங்கிப் பணம்?

இறந்தவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கு முடக்கப்படும். உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுவாக நீதிமன்ற ஆணை தேவை. சொத்து மதிப்பு 50,000 வெள்ளிக்குள் இருந்தால், சில நிபந்தனைகளோடு பொது அறங்காவலர் அலுவலகத்தை நாடலாம். அப்பாவின் ஏடிஎம் 'பின்' நம்பர் தெரியும் என்பதற்காகப் பணம் எடுத்துவிடாதீர்கள். அது இப்போது அவர் பணம் இல்லை, உங்கள் பணமும் இல்லை.

உயிலில் எழுதினால் மசேநி பணமும் சேர்ந்துவிடுமா?

சேராது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். மத்திய சேமநிதிக்குத் தனி நியமனம் வேண்டும். நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலரிடம் போகும். அவர் கட்டணம் பிடித்துக்கொண்டு சட்டப்படி பிரித்துக் கொடுப்பார்.

ஒருவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரை நியமித்தார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு திருமணம். அந்த நாளோடு பழைய நியமனம் ரத்தாகிவிடும். (விவாகரத்து ஆனால் ரத்தாகாது. விசித்திரம்தான்!) புதிதாக எழுதாமலேயே அவர் இறந்தால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. அம்மாவுக்கு ஒரு காசு கிடையாது. முஸ்லிம்களுக்கு இஸ்லாமிய வாரிசுச் சட்டம் பொருந்தும்.

அதே மனிதர் இந்து, தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தமாக நிலமும் வாங்கியிருந்தார், அதற்கும் உயில் இல்லை என்றால்? நிலம் இருக்கும் நாட்டின் சட்டமே செல்லும். இந்தியாவின் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாயும் முதல் வரிசை வாரிசு. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. ஆக, பாட்டிக்கு ஊர் நிலத்தில் பங்கு உண்டு, மகனின் மசேநி பணத்தில் இல்லை. வீட்டில் மனக்கசப்பு வர இது போதாதா?

வீவக வீட்டைப் பொறுத்தவரை, கூட்டு உரிமையில் வாங்கியிருந்தால் உயிருடன் இருப்பவருக்கே வரும். தனித்தனிப் பங்காக இருந்தால், இறந்தவரின் பங்கு மற்ற சொத்தோடு சேரும்.

நியமனம் செய்யக் கட்டணம் இல்லை. சிங்பாஸ் இருந்தால் இணையத்திலேயே முடியும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், பணம் பெறுபவர் சாட்சியாக முடியாது. அம்மா உங்கள் பெயரை எழுதப் போகிறார் என்றால், கையெழுத்துக்கு வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.